இருசக்கர வண்டியும் நம்பத்தக்க மெக்கானிக்கும்

உழவு மாடு வாங்கச் செல்பவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், இயன்றால் ஏரில் பூட்டியும் பார்ப்பார். விற்பவரின் சொல்லை மட்டும் நம்பி எவரும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. ஆனால் அதே விவசாயி தம் மோட்டார் சைக்கிளைப் பட்டறையில் நிறுத்திவிட்டு, "பார்த்துச் செய், தம்பி" என்று கூறிச் சென்றுவிடுகிறார். மாலையில் வந்து, கேட்ட பணத்தைக் கொடுத்து வண்டியை ஓட்டிச் செல்கிறார். என்ன பழுது இருந்தது, எது மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது என்பவற்றை அவர் அறியார். மாட்டினிடம் காட்டும் கவனத்தில் பாதியையேனும் வண்டியினிடமும் காட்டினால் பெரும் நஷ்டத்தையும், சில வேளைகளில் உயிர்ச்சேதத்தையும் தவிர்க்கலாம். அதற்கான வழிகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1955ஆம் ஆண்டில் சென்னையில் புல்லட் மோட்டார் சைக்கிளைப் பூட்டும் பணி தொடங்கிய நாளில், அத்தகைய வண்டி கிராமத்தில் ஒரு வியப்பாகவே இருந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த பின்னர் நிலைமை மாறத் தொடங்கிற்று. இன்று பால் கேன், உர மூட்டை, தீவனப்புல், காய்கறிக் கூடை ஆகிய யாவும் இருசக்கர வண்டியின்மீதே பயணம் செய்கின்றன. பள்ளிக்குச் செல்லும் குழந்தையும், மருத்துவமனைக்குச் செல்லும் மூதாட்டியும் அதன் பின்னிருக்கையிலேயே அமர்கின்றனர். மாட்டுவண்டி செய்த வேலையையும், சைக்கிள் செய்த வேலையையும் இது ஒன்றே செய்கிறது. ஆகவே வண்டியைப் பழுதுபார்ப்பவர் கிராமத்தின் முக்கியமான தொழிலாளர்களுள் ஒருவராகிவிட்டார்.

இதிலுள்ள ஆபத்தையும் நாம் மறத்தலாகாது. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 44 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். இவையெல்லாம் வண்டிப் பழுதினால் நேர்ந்தவை என்று நாம் கூறவில்லை. வேகம், குடி, தலைக்கவசம் அணியாமை ஆகியவை பெரும் காரணங்கள். எனினும் பிரேக்கும் டயரும் விளக்கும் செவ்வையாக இருப்பது நம் கையிலேயே இருக்கிறது. அதை நழுவவிடுவது அறிவுடைமை ஆகாது.

அரசின் சோதனை எத்தனை முறை?

வண்டியை அரசாங்கம் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பின்னர் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதிப்பார். லாரிக்கும் பேருந்துக்கும் உள்ளதுபோன்ற இடைக்காலத் தகுதிச் சான்று சொந்த மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. இடையில் நாம் பெறும் புகைச் சான்று, புகையை மட்டுமே அளக்கிறது; பிரேக்கைப் பற்றி அது ஒன்றும் கூறாது. எனவே முதல் 15 ஆண்டுகளும் வண்டியின் பாதுகாப்பு, உரிமையாளரும் அவர் நாடும் மெக்கானிக்கும் ஆகிய இருவர் பொறுப்பிலேயே இருக்கிறது. மெக்கானிக்கைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

ஒரு பால்காரரின் அனுபவம்

நாம் அறிந்த ஓர் ஊரில் பால் சேகரித்துச் சங்கத்துக்குக் கொண்டுசெல்லும் விவசாயி ஒருவர் இருக்கிறார். நாள்தோறும் 40 லிட்டர் கேன்கள் இரண்டை வண்டியில் கட்டிச் செல்வார். ஒரு லிட்டர் பாலின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மிகுதி. எனவே பால் மட்டுமே 82 கிலோவுக்கு மேல் ஆயிற்று. கேன்களின் எடை வேறு. ஒருநாள் பின் பிரேக் பிடிமானம் குறைந்திருப்பதைக் கண்டு பட்டறைக்குச் சென்றார். பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். "பொங்கல் கழியட்டும், தம்பி, இப்போதைக்கு இறுக்கிவிடு" என்றார் இவர். மெக்கானிக்கும் தயங்கிவிட்டு, திருகை இறுக்கிக் கொடுத்தார். கூலி எதுவும் வாங்கவில்லை.

திருகை இறுக்கினால் மிதி மேலே எழும்பும். பிரேக் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் தேய்ந்த கட்டை வளர்ந்துவிடுவதில்லை. சில நாட்களுக்குள் ஏரிக்கரைச் சரிவில் வண்டி நிற்காமல் போயிற்று. பாலோடு அவரும் பள்ளத்தில் விழுந்தார். உயிருக்கு மோசமில்லை, கால் முறிந்தது. மூன்று மாதம் வேலையில்லை. கறவை மாடு ஒன்றையும் விற்க வேண்டியதாயிற்று. பிரேக் கட்டையின் விலையோ சில நூறு ரூபாய்களே.

குற்றம் யாருடையது? ஊரில் சிலர் மெக்கானிக்கை ஏசினர். சிலர் பால்காரரை ஏசினர். நம் கருத்தில், மெக்கானிக் உண்மையைச் சொன்னார்; ஆனால் அதில் உறுதியாக நிற்கவில்லை. "கட்டையை மாற்றாமல் பாரம் ஏற்றாதீர்கள்" என்று சொல்லி, அதை ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்திருக்க வேண்டும். பால்காரரோ உண்மையைக் கேட்டும் அதற்கு விலை கொடுக்க மறுத்தார். நம்பத்தக்க மெக்கானிக் வேண்டுமெனில், நம்பத்தக்க வாடிக்கைக்காரரும் வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சியின் பாடம்.

நாமே காணத்தக்க சோதனைகள்

வண்டியின் நிலையை ஓரளவு நாமே அறிந்திருந்தால், மெக்கானிக் கூறுவது உண்மையா என்று உணர முடியும். கீழ்க்காணும் சோதனைகளுக்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. கால் மணி நேரம் போதும்.

பிரேக்: டிரம் பிரேக் உள்ள பல வண்டிகளில், சக்கரத்தின் நடுவே பிரேக் கை இணையும் இடத்தில் ஓர் அம்புக்குறியும், அதற்கெதிரே ஒரு கோடும் இருக்கும். பிரேக்கை முழுவதும் அழுத்தும்போது அம்புக்குறி அக்கோட்டைத் தொட்டால் கட்டையின் ஆயுள் முடிந்தது என்று பொருள். பிறகு இறுக்குவதில் பயனில்லை. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில், கைப்பிடிக்கு அருகிலுள்ள சிறு குப்பியில் பிரேக் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது; ஆகவே அளவு குறையாவிடினும், குறித்த காலத்தில் அதை மாற்ற வேண்டும்.

டயர்: பள்ளங்களுக்கிடையே ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அம்மேடுகளின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றும் உண்டு. 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. புதிய டயர் என்று கூறி நெடுநாள் கிடந்த சரக்கை விற்கிறார்களா என்பதை இதனால் அறியலாம்.

செயின்: பல வண்டிகளில் செயின் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் அசைய இடமிருக்கும். சரியான அளவு வண்டியோடு தந்த கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். மிகத் தளர்ந்தால் செயின் கழலும். மிக இறுகினால் பேரிங் கெடும்.

கைப்பிடி: வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கைப்பிடியை இருபுறமும் திருப்புக. தடையின்றித் திரும்ப வேண்டும். முன்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் இருக்கலாகாது.

விளக்கு: முன்விளக்கு, பின்விளக்கு, திரும்பும் விளக்கு ஆகியவற்றை ஏற்றிப் பார்க்க வேண்டும். கைப்பிரேக்கையும் கால்பிரேக்கையும் தனித்தனியே அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் பின்புறச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பிறரைக் கொண்டு பார்க்க வேண்டும். இருட்டில் நெல் ஏற்றிவரும் வண்டியைப் பின்னால் வருபவருக்குக் காட்டுவது அச்சிறு விளக்கே.

மெக்கானிக்கை அறியும் வழி

பெரிய பலகையும், பளபளக்கும் கடையும் திறமைக்குச் சான்றல்ல. குறைந்த கூலியும் நேர்மைக்குச் சான்றல்ல. தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்சி பெற்றவர் என்றால் அது ஒரு தகுதியே. ஆனால் அனுபவமுள்ள ஒருவரிடம் தொழில் பழகி, சான்றிதழ் இல்லாமலே சிறந்து விளங்குபவரும் பலர். ஆகவே ஆளைவிட அவர் வேலை செய்யும் முறையைக் கவனிக்க வேண்டும்.

முதலாவதாக, அவர் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். "எப்போது சத்தம் வருகிறது? மேட்டில் ஏறும்போதா, இறங்கும்போதா? பாரம் ஏற்றுவதுண்டா?" என்று விசாரிப்பவர் நோயை அறிந்து மருந்து கொடுக்கும் மருத்துவரைப் போன்றவர். கேட்காமலே ஸ்பேனரை எடுப்பவர், ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களை மாற்றிப் பார்ப்பார், அச்செலவு நம்முடையது.

இரண்டாவதாக, வேலை தொடங்கும் முன் மதிப்பைத் தாளில் எழுதித் தருகிறாரா என்று பாருங்கள். அதற்கு மேல் செலவு வந்தால் நம்மிடம் கேட்ட பின்னரே செய்ய வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, கழற்றிய பழைய பாகத்தைக் கேளாமலே காட்டுகிறாரா என்று பாருங்கள். நல்ல மெக்கானிக் தேய்ந்த கட்டையையும் புதிய கட்டையையும் அருகருகே வைத்து விளக்குவார். பழைய பாகம் எங்கோ போய்விட்டது என்று கூறுபவரிடம் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

நான்காவதாக, புதிய பாகத்தின் உறையைப் பார்க்க வேண்டும். உறையிட்டு விற்கும் பொருளில் தயாரித்தவர் பெயர், விலை, தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. உறையில்லாமல் வரும் பிரேக் கட்டையை வாங்கலாகாது. எண்ணெயிலும் கவனம் தேவை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச், என்ஜின் எண்ணெயிலேயே நனைந்து இயங்குகிறது. காருக்குரிய சில எண்ணெய்களை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்னும் குறியீடு உள்ளதா என்று பார்த்து ஊற்றுபவர் தொழிலை அறிந்தவர்.

ஐந்தாவதாக, தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரா என்று பாருங்கள். இதுவே மிகப் பெரிய சோதனை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் பழைய கார்புரேட்டர் இல்லை. மின்னணுக் கருவியே பெட்ரோலை அளந்து செலுத்துகிறது. 2019 ஏப்ரல் முதல் விற்கும் புதிய வண்டிகளில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், சிறியவற்றில் இரு பிரேக்குகளையும் சேர்த்து இயக்கும் அமைப்பும் கட்டாயமாயின. இவற்றின் சில பழுதுகளைச் சோதனைக் கருவியின்றிக் கண்டுபிடிக்க இயலாது. "இது என்னால் ஆகாது, கம்பெனிப் பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள்" என்று கூறும் மெக்கானிக், ஒருநாள் கூலியை இழந்து நம் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை அங்கீகாரம் பெற்ற பட்டறையிலேயே காட்டுவது நலம்.

ஆறாவதாக, வேலை முடிந்ததும் தாமே ஓட்டிப் பார்த்து வண்டியைக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். நாமும் பெருஞ்சாலையில் ஏறுமுன் மெதுவாக ஓட்டி, இரு பிரேக்குகளையும் பிடித்துப் பார்த்தல் வேண்டும்.

புதிய மெக்கானிக்கிடம் முதலிலேயே என்ஜினைப் பிரிக்கக் கொடுக்கலாகாது. எண்ணெய் மாற்றுதல், செயின் சரிசெய்தல் போன்ற சிறு வேலையைக் கொடுத்து அவர் முறையைக் கவனித்த பின்னரே பெரிய வேலையை ஒப்படைக்க வேண்டும்.

சோதனைக்கும் கூலி உண்டு

இங்கே நம் வழக்கத்திலுள்ள ஒரு குறையைக் கூறாமல் இருக்க முடியவில்லை. பாகம் மாற்றினால் பணம் கொடுக்கிறோம். அரை மணி நேரம் சோதித்து, "எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றும் மாற்ற வேண்டாம்" என்று கூறும் மெக்கானிக்குக் கொடுப்பது என்ன? ஒரு தேநீர், பல வேளைகளில் அதுவும் இல்லை. உண்மை சொன்னவர் வெறுங்கையோடு நிற்கிறார். தேவையற்ற பாகத்தை மாற்றியவர் லாபத்தோடு வீடு செல்கிறார். இப்படி நடந்தால் நேர்மை எப்படி நிலைக்கும்?

ஆகவே சோதனைக்கென்று தனிக்கூலி பேசிக் கொடுக்க வேண்டும். அக்கூலியைக் கொடுத்த பின், "எதை உடனே மாற்ற வேண்டும்? எது மூன்று மாதம் தாங்கும்? எதைத் தொட வேண்டியதில்லை?" என்று கேட்டு எழுதி வாங்கலாம். கடன் வைப்பதிலும் இதே நியாயம் உண்டு. அறுவடை முடியட்டும் என்று பலரும் பாக்கி வைத்தால், மெக்கானிக் மலிவான பாகத்தைத் தேடும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். செய்த வேலைக்குரிய கூலி கிடைக்கும்வரை பொருளைத் தம்மிடம் நிறுத்திவைக்கும் உரிமை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி அவருக்கு உண்டு. கிராமத்தில் அவர் அவ்வுரிமையைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. அந்தப் பெருந்தன்மையை நாம் பயன்படுத்திக்கொள்ளலாகாது.

குறை நேர்ந்தால்

கூலி கொடுத்துப் பெற்ற சேவையில் குறை இருந்தால், முதலில் மெக்கானிக்கிடமே ரசீதைக் காட்டிப் பேச வேண்டும். பெரும்பாலான தகராறுகள் அங்கேயே தீரும். தீராவிட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் யோசனை கேட்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ரசீது இல்லாதவர் தம் வழக்கை நிலைநாட்டுவது கடினம். ஆகவே சிறு தொகையாயினும் ரசீது பெறும் பழக்கம் வேண்டும்.

உதிரிப் பாகம், கையேடு, உத்தரவாதம் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளை மக்கள் ஒரே இடத்தில் காண்பதற்காக, மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. மோட்டார் வண்டிகளோடு விவசாயக் கருவிகளும் அதில் இடம்பெற்றுள்ளன. ஊரிலுள்ள படித்த இளைஞர்கள் இதைப் பார்த்துப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

இவற்றையெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்வதைவிட ஊர் ஒன்றுகூடிச் செய்வது எளிது. ஆண்டுக்கு இருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் அறுவடைக்கு முன் ஒருமுறையும், பஞ்சாயத்தில் வண்டிச் சோதனை நாள் நடத்தலாம். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தின் ஆசிரியரையும் மாணவரையும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஆய்வாளரையும் அழைக்கலாம். உள்ளூர் மெக்கானிக்குகளையும் அவர்களோடு அமர்த்த வேண்டும்; அன்றைய உழைப்புக்கு அவர்களுக்குக் கூலி உண்டு என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தல் அவசியம். சோதனை நாளன்று எவரும் உதிரிப் பாகம் விற்கலாகாது; பழுதும் பார்க்கலாகாது. குறையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிந்தது. வண்டிக்காரர் அச்சீட்டைத் தாம் விரும்பும் பட்டறைக்கு எடுத்துச் செல்வார். விற்பனை இல்லாத இடத்தில் சோதனை நேர்மையாக நடக்கும். பஞ்சாயத்து எந்த ஒரு மெக்கானிக்கையும் சிபாரிசு செய்யவும் வேண்டாம். மேலே கூறிய ஆறு அடையாளங்களை அலுவலகப் பலகையில் எழுதி வைத்தாலே போதும். மக்கள் தாமே தேர்ந்துகொள்வர். பதிவு 15 ஆண்டை எட்டும் வண்டிகளைக் குறித்துவைத்து, கெடு முடியுமுன் 60 நாட்களுக்குள் புதுப்பிக்க விண்ணப்பிக்குமாறு உரியவர்களுக்கு நினைவூட்டுவதும் நல்ல பணியாகும்.

நாம் முன்பு குறிப்பிட்ட பால்காரர் மீண்டும் வண்டி ஓட்டுகிறார். அதே மெக்கானிக்கிடமே செல்கிறார். ஆனால் இப்போது அவர்களிடையே ஓர் ஏற்பாடு உண்டு. மாதத்துக்கு ஒருமுறை சோதனை, அதற்குத் தனிக்கூலி, முடிவு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதப்படும். சென்ற முறை அதில் "ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை" என்று எழுதியிருந்ததைப் பார்த்தோம். அதற்குக் கீழே கூலி பெற்றதற்கான கையெழுத்தும் இருந்தது. இவ்வழக்கம் நம் ஊர்கள் எங்கும் பரவ வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்களாக.